உண்ணி மருந்து

மார்ச் 9, ஞாயிறு

பட்டுப்புழுக்கள் நான்காவது தோலை உரித்து எழுந்துவிட்டன. இனி ஒரு வாரம் தின்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. நமக்கு மல்பெரி இலை வெட்டிப் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதன் பிறகு கூடு கட்டும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் பிரகாசு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருக்கிறான். வரும்போது பிளீச்சிங் பவுடர் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். வாங்கவில்லை. கேட்டால் "கடை சாத்தியிருந்துச்சுப்பா" என்கிறான். உடுமலையில் ஒரே ஒரு கடைதானா இருக்கிறது? மறந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனிடம் சாக்குச் சொல்கிறான். டிக்கெட் எடுக்காதவன் என்னென்ன சொல்வான் என்பது எனக்கு அத்துப்படி. பின்னால் எடுத்துவிட்டார்கள், தூங்கிவிட்டேன், நீங்களே வருவீர்கள் என்று இருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"திட்டாதீங்க மாமா, நாளைக்கு நான் போயி வாங்கியாறேன்" என்றாள் மருமகள் கோகிலா. கோகிலவாணி என்பது முழுப்பெயர். இந்தப் புழு வளர்க்கும் மனையே அவள் சொல்லி வந்ததுதான். கல்யாணமான புதிதில் பட்டுத்துறை பயிற்சிக்குப் போய்வந்து, தென்னைக்கு நடுவில் சும்மா கிடந்த நிலத்தில் மல்பெரி வைக்கலாம் என்றாள். நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவன். இப்போது மனைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் சட்டம் எழுதியிருப்பது நான். கொசுவத்தி கூடாது, பவுடர் பூசி வரக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே முதல் சட்டம்: மனைச் சாமான் வெளியே போகக் கூடாது, வெளிச் சாமான் உள்ளே வரக் கூடாது. எழுத்து பஸ் போர்டு மாதிரி தெளிவாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

என் மனைவி தெய்வானை அவள் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருவாள். கோகிலா இன்று காலை முதல் வீட்டுக்குத் தூரம். பக்கத்து அறையில் இருக்கிறாள். பஸ் ஏறும்போதுகூட தெய்வானை சொல்லிவிட்டுத்தான் போனாள்: "ஏனுங்க, புழுவை நீங்களே பாத்துக்குங்க. அந்தப் புள்ளைய மனைப் பக்கம் உட்டுராதீங்க."

கோகிலாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பயிற்சியில் இப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று முதல் மாதமே சொல்லிப் பார்த்தாள். தெய்வானையிடம் அது எடுபடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் நடுவில் போகிற கண்டக்டரின் சட்டைதான் கிழியும்.

வெயில் இப்போதே சித்திரை மாதிரி அடிக்கிறது. செவலைப் பசுவுக்குக் காதிலும் மடியிலும் உண்ணி.

மார்ச் 12, புதன்

காலைத் தீனி போட்டுவிட்டுச் செவலைக்கு உண்ணி மருந்து அடித்தேன். மருந்தடிக்கிற பெரிய டேங்க்கின் நாசில் அடைத்துக்கொண்டது. ஊசி விட்டுக் குத்தினேன், ஊதினேன், பலனில்லை. கைக்கு எட்டியதை எடுத்து வேலையை முடித்தேன். தண்ணீர் விட்டு நன்றாக அலசி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதற்குள் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு உடுமலைக்குப் போனேன். ஒரு மணி நேரம் என்று சொன்ன ரீவைண்டிங் கடைக்காரன் பொழுது சாயும் வரை உட்கார வைத்துவிட்டு, மோட்டாரை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். வீட்டுக்கு வந்தால் கோகிலா வாசலிலேயே நிற்கிறாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. மத்தியானத் தீனி நாந்தான் போட்டேன். உங்க போனு எடுக்கல. புழு தலையத் தூக்கித் தூக்கித் தேடுச்சு. பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

"வெயில்ல இலை வாடிருக்குமே?"

"ஸ்பிரேயர்ல தண்ணி தூவித்தான் போட்டேன். அத்தைகிட்டச் சொல்லிராதீங்க மாமா."

"நான் எதுக்குச் சாமி சொல்றேன்" என்றேன்.

கை கால் கழுவிக்கொண்டு மனைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

புழு சரியில்லை.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுதக் கை வரவில்லை.

இந்தப் பருவத்தில் மனைக்குள் எந்நேரமும் தூறல் விழுகிற மாதிரி இலை தின்கிற சத்தம் இருக்கும். புதன்கிழமை நான் கதவைத் திறந்தபோது சத்தம் இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. பச்சையாக வாந்தி எடுத்திருந்தன. நேற்று விடிந்தபோது உடம்பு சுருங்கிப் பாதிக்கு மேல் போய்விட்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. இன்னும் நான்கு நாளில் கூடு கட்ட வேண்டியவை.

புதன்கிழமை உள்ளே போனவுடன் முதலில் மனையின் நீல ஸ்பிரேயரை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பிறகு அதைக் கொண்டுபோய் மோட்டார் அறையில் பழைய சாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். மனைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

கோகிலாவும் நானும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். அவள் அழுதுகொண்டே மண்ணைத் தள்ளினாள். பட்டுத்துறைக்காரர் வந்து பார்க்கட்டும் மாமா, அதுவரைக்கும் மூட வேண்டாம் என்றாள். நாற்றம் வந்துவிடும் என்று நான்தான் மூடச் சொன்னேன். நாற்றம் வரும்தானே.

பொழுதோடு தெய்வானை வந்தாள். காதுகுத்துப் பலகாரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு மனையை எட்டிப் பார்த்தாள். காலியான தட்டுகளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"நீங்க மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, மத்தியானத் தீனி ஆரு போட்டா?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பிரகாசு வந்தான். வீட்டில் ஒரே கலவரம். தெய்வானை சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சோறு போட்டுக்கொண்டே பேசினாள்.

"பல்லி சொன்னாலும் பத்து நிமிசம் நின்னு போற ஊட்டுல, இவ அந்த நாள்ல உள்ள போயிருக்கா. பச்ச உசுரு அத்தனையும் துடிச்சுத் துடிச்சுச் செத்துருக்குது."

கோகிலா கதவோரம் நின்றாள். "பசிக்குத்தான் அத்தை போனேன். புழுவோட பசிக்கு" என்றாள். பிரகாசு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

கோகிலா என்னை ஒரு முறை பார்த்தாள். சொல்ல மாட்டேன் என்றீர்களே என்ற பார்வை. தெய்வானை கேட்டால் நான் என்ன செய்வது?

மார்ச் 18, செவ்வாய்

பட்டுத்துறை அலுவலருக்கு நான்தான் போன் செய்தேன். வெளியூரில் இருக்கிறாராம். வெயில் அதிகமா, இலை ஈரமாக இருந்ததா, புழு பழுத்து வீங்கியிருந்ததா என்று கேட்டார். வெயில் அதிகம் என்றேன். அப்படியானால் சூடு தாங்காமல் போயிருக்கும் என்றார். வாந்தி எடுத்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

சூடுதான் காரணமாம் என்று தெய்வானையிடம் சொன்னேன். "பக்கத்துத் தோட்டத்துப் புழுவுக்கு மட்டும் சூரியன் வேறயாக்கும்?" என்றாள். அவளும் கண்டக்டர் பெண்டாட்டிதானே.

மார்ச் 21, வெள்ளி

மோட்டார் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. செவலையின் மேல் இப்போது ஒரு உண்ணி கிடையாது. கன்றுக்குட்டி காலையில் கோகிலாவின் கைக்கு முட்டிக்கொண்டு வந்தது. தினமும் அவள்தான் அதற்கு நெற்றியைச் சொறிந்துவிடுவாள். இன்று கையை இழுத்துக்கொண்டாள். கறிவேப்பிலை பறிக்க என்னைக் கூப்பிட்டாள். ஏன், நீயே பறியேன் என்றேன். "வேண்டாங்க மாமா, போன வாரம் நான் பறிச்ச கிளை வாடுது" என்றாள்.

அந்தக் கிளை வெயிலில் வாடுகிறது. எல்லாக் கிளையும்தான் வாடுகிறது.

சாயங்காலம் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

"மாமா, நெசமாவே அப்படி ஏதாச்சும் இருக்குமா?"

"எப்படி?"

"படிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா கண்ணால பாத்தனே. காலையில நீங்க போட்ட தீனிக்கு நல்லா இருந்துச்சு. நான் போட்டதைத் தின்னுதான் செத்துச்சு. என்ற உடம்புலயே ஏதோ இருக்குதாட்ட இருக்குது மாமா. கல்யாணமாயி ரெண்டு வருசமாச்சு, எதுவும் தங்கலை."

"நமக்கென்ன தெரியும் கண்ணு" என்றேன்.

இருக்காது என்று சொல்லியிருக்கலாம். இருக்காது என்றால், பிறகு வேறு என்ன என்று கேட்பாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஏப்ரல் இரண்டாம் தேதி புது இளம்புழு வருகிறது. அது கூடு கட்டி இறங்கும் வரை கோகிலா தாராபுரத்தில் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று தெய்வானை சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் அப்பா வந்து கூட்டிப்போக வேண்டும். அப்படியே ஜாதகத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டுமாம். பிரகாசு, "கொஞ்ச நாளைக்கு இருந்துட்டு வாயேன்" என்றான்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க அத்தை, புதுப் புழுவாச்சும் நல்லா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, மனைக்கு வைத்திருந்த அவளுடைய செருப்பை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தாள்.

இரவு புளிக்குழம்பில் உப்பு கூட என்று தெய்வானையிடம் குறை சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 26, புதன்

இங்காவது எழுதிவிடுகிறேன்.

உண்ணி மருந்தை நீல ஸ்பிரேயரில்தான் அடித்தேன். பெரிய டேங்க் அடைத்துக்கொண்டது. முதல் சட்டத்தைச் சுவரில் எழுதியவனே அதை எடுத்து வெளியே கொண்டுபோனேன். அலசினேன், ஆனால் அந்த மருந்து அலசினால் போகிற மருந்து இல்லை. ஒரு சொட்டு போதும், புழுவுக்கு எமன். அன்று மாலை மூடியைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. அதனால்தான் ஒளித்து வைத்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று இந்த டைரிக்கே பொய் சொல்லியிருக்கிறேன். உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி, இதற்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

மோட்டார் புகையாமல் இருந்திருந்தால் தீனி போட நானே இருந்திருப்பேன். நாசில் நல்லதாகச் செய்திருந்தால் அடைத்திருக்காது. அவளும் தண்ணீர் தூவும் முன் ஸ்பிரேயரை மோந்து பார்த்திருக்கலாம். தெய்வானை அந்தத் தீட்டுப் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பின்னால் எடுத்துவிட்டார்கள், தூங்கிவிட்டேன், நீங்களே வருவீர்கள் என்று இருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கோகிலாவின் அப்பா வேலுச்சாமி காலையிலேயே வந்துவிட்டார். சின்ன மனிதராகிப் போயிருந்தார். வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, "புள்ளைக்கு அனுபவம் பத்தாதுங்க, பெரியவங்க நீங்கதான் பொறுத்துக்கோணும்" என்று தெய்வானையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். கோகிலாவின் பை வாசலில் இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"செவலைக்கு உண்ணி மருந்து அடிச்சது மனை ஸ்பிரேயர்ல. பெரிய டேங்க்கு அடைச்சுக்கிச்சு. கழுவித்தான் வெச்சேன், ஆனா கழுவுனது பத்தல. அதுலதான் இந்தப் புள்ள இலைக்குத் தண்ணி தூவியிருக்குது. புழு செத்தது என்னாலதான். தீட்டுமில்ல, ஒரு மண்ணுமில்ல." அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "நேத்துத்தான் இது எனக்கு நெனவுக்கே வந்துச்சு" என்றேன்.

கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் மாதிரி அது தானாக ஏறிக்கொண்டது.

கோகிலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலுச்சாமி எழுந்து என் கையைப் பிடித்தார். "ஆருக்கும் வர்றதுதானுங்க சம்பந்தி. இந்த வயசுல நாலு பேரு முன்னாடி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்க" என்றார். பிரகாசுவின் கண்ணும் கலங்கியிருந்தது. தெய்வானை உள்ளே போய்ப் பாயசத்துக்குப் பாலைக் காய்ச்சினாள். பையை உள்ளே எடுத்து வைத்தது அவள்தான்.

பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 31, திங்கள்

காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தது. கோகிலாவும் நானும் மனையைக் கழுவத் தொடங்கினோம். கன்றுக்குட்டிக்கு அவள் நெற்றி சொறிந்துவிட்டதைப் பார்த்தேன்.

மத்தியானம் அவள் அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஆமாம்மா. மாமாவுக்கு நெனவு வந்த மறுநாளே எல்லாரையும் கூப்புட்டு வெச்சுச் சொல்லிட்டாரு. வேற ஆராச்சுமா இருந்தா அமுக்கிருப்பாங்க. எனக்கு எங்கப்பா மாதிரிம்மா."

பிறகு என்னிடமே வந்தாள். "மாமா, நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் சாகறவரைக்கும் என்னைய நானே நம்பியிருக்க மாட்டேன். நல்லவேளை, உங்களுக்கு நெனவு வந்துச்சு."

"சரி சரி, அந்த மூலையைத் தேய்" என்றேன்.

யாருக்கும் தெரியாது. ஸ்பிரேயர் சாக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? புழுவைக் கொன்றது நான் என்று சொல்லியாகிவிட்டது. அவள் வீட்டில் இருக்கிறாள். இனி என்ன?

ஆனால் அந்தப் பெண் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். புழு செத்ததாவது கவனக்குறைவு. அன்றைக்கு நான் சொன்ன பதில் கவனக்குறைவு இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மனையில் மட்டையால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். மோட்டார் அறையிலிருந்து நீல ஸ்பிரேயரை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"நெனவு வந்துச்சுன்னு சொன்னது பொய் கண்ணு. புழு தலையத் தூக்குன அன்னைக்கே எனக்குத் தெரியும். தொறந்து பாத்தேன், நாத்தம் அடிச்சுது. கொண்டுபோயி ஒளிச்சு வெச்சேன். குழியைச் சீக்கிரம் மூடச் சொன்னதும் அதுக்குத்தான். நீ உள்ள போனதை உன்ற அத்தைகிட்டச் சொன்னதும் நாந்தான், சொல்லமாட்டேன்னு உனக்குச் சொல்லிப்போட்டு."

அவள் மட்டையைக் கீழே வைத்தாள். சுண்ணாம்புக் கையை உதறினாள்.

"கல்லு மேல உக்காந்துட்டு உங்ககிட்டக் கேட்டேனே மாமா."

"கேட்ட."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

பயந்துட்டேன் கண்ணு என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மையும்கூட. ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் அவள் எனக்குப் பரிதாபப்பட வேண்டியிருக்கும். அவளுக்கு இருக்கிற வேலையோடு அதுவும் எதற்கு?

"எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லீருங்க. எங்கப்பாகிட்டயும். நான் ஆருகிட்டயும் சொல்லப்போறதில்ல" என்றாள். பரவாயில்லை மாமா என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். சொல்லாமல் மட்டையை எடுத்து மிச்சச் சுவரை அடித்தாள்.

ஏப்ரல் 2, புதன்

இளம்புழு வந்தது. நன்றாக இருக்கிறது.

வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார். சம்பந்தி என்று சொல்லவில்லை. பிரகாசு பாதியிலேயே போனை வைத்துவிட்டான்.

தெய்வானையிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னைய எதுக்குங்க இந்தப் பாவத்துல தள்ளுனீங்க? நீங்க சொன்னதை வெச்சுத்தானே நான் அந்தப் புள்ளைய அத்தனை பேச்சுப் பேசுனேன்?"

பேசிய வாய் அவளுடையதுதான், நான் அவளைப் பேசச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. "ஆமா, நாந்தான்" என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரகாசு வரவில்லை. ஓவர்டைம் என்றான். சாக்காகவும் இருக்கலாம், நான் ஒன்றும் கேட்கவில்லை. கோகிலா சோறு போடுகிறாள், காபி வைக்கிறாள். பேசுவதில்லை. நான் இலை வெட்டிக் கொண்டுபோனால் மனை வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறாள். சாத்துவதில் கோபம் தெரியவில்லை. மனைக் கதவை அப்படித்தான் சாத்த வேண்டும்.

சுவரில் நான் எழுதிய முதல் சட்டம் சுண்ணாம்பு அடித்ததில் மறைந்துவிட்டது. இன்று பார்த்தேன், அவள் கையெழுத்தில் புதிதாக எழுதியிருக்கிறாள். எழுத்து கொஞ்சம் கோணல். நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

கோகிலா இன்று வீட்டுக்குத் தூரம். காலையில் பக்கத்து அறைக்குள் போகாமல், நேராக மனை வாசலில் போய் நின்றாள். தெய்வானை சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். தெய்வானை வெளியே வந்தாள். உள்ளே போகுமுன் கால் நனைக்கிற சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கோகிலா காலை நனைத்துக்கொண்டு மனைக்குள் போனாள்.

நான் இலைக்கட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வேப்பமர நிழலில் நின்றேன். அந்த நேரத்தில் பட்டுத்துறை அலுவலர் வண்டியை நிறுத்தினார். போன தடவை போனில் பேசியதோடு சரி, இப்போதுதான் வர முடிந்ததாம். மனைக்குள் எட்டிப் பார்த்து, புழு அருமையாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னங்க நாச்சிமுத்தண்ணா, மருமக புள்ள தனியா கஷ்டப்படுது, நீங்க வெளியவே நிக்கறீங்க. முட்டி வலிங்களா?"

நல்ல மனிதர். சாக்கை டிக்கெட் மாதிரி அவரே கிழித்து என் கையில் கொடுக்கிறார். முட்டியும் கொஞ்ச நாளாக வலிக்கத்தான் செய்கிறது.

"முட்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். "போன தடவை புழுவைக் கொன்னது நாந்தானுங்க. மாட்டு மருந்து அடிச்ச ஸ்பிரேயரை உள்ள வெச்சுட்டேன். புழு வாந்தி எடுத்துச்சு, அதை உங்ககிட்ட மறைச்சுட்டேன். பழியை அந்தப் புள்ள மேல போக உட்டுட்டேன். அதானுங்க வெளிய நிக்கறேன்."

அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மனைக்குள் தட்டு நகரும் சத்தம் நின்றது. அவள் கேட்டிருக்க வேண்டும். பிறகு தட்டு மறுபடி நகர்ந்தது. புழுக்கள் இலை தின்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

"மாமா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்த இலை பத்தாது. இன்னொரு கட்டு வெட்டியாங்க."

வெட்டிக் கொண்டுபோனேன். வாசலில் வைத்தேன்.